மோட்டார் ரூமும் முன்பற்களும்

பல் செட் கட்டிக்கொள்கிற வயதுக்கு நாம் எல்லோரும் வந்துவிட்டோம். உங்களில் சிலர் கட்டிக்கொண்டும் விட்டீர்கள். ஒவ்வொன்றாக விழும்போது உங்களுக்கு வருத்தமாக இருந்திருக்கும். என் மேல்வரிசை முன்பற்கள் போனபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. ஓசூரில் ஒரு டீக்கடை வாசலில் வறுத்த கடலையைக் கடித்தேன், ஒன்று கையோடு வந்தது. வீசிவிட்டு மிச்ச டீயைக் குடித்தேன். பக்கத்தில் இருந்தவர் ஐயோ என்றார். அவருக்கு என்ன தெரியும்.

அவை பழுப்புப் பற்கள். புகையிலையால் வந்த பழுப்பு அல்ல. எங்கள் பக்கத்துத் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம். கைக்குழந்தையிலிருந்து அதைக் குடித்து வளர்கிற பிள்ளைக்கு, பால்பல் விழுந்து முளைக்கிற பல்லில் கறை ஏறிவிடும். எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாது. இன்று இது பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கும் தெரியும். கைப்பம்பில் சிவப்பு பெயிண்ட் அடித்து, குடிக்காதே என்று எழுதி வைக்கிறார்கள். நான் சொல்லப்போகிற வருஷத்தில் என்னைச் சுற்றியிருந்த பெரியவர்கள் ஒருவருக்கும் தெரியாது.

எங்கள் ஊர் பென்னாகரத்துக்கு அந்தப் பக்கம், காட்டை ஒட்டி. ஊர்ப் பள்ளிக்கூடம் எட்டாவதோடு முடிந்துவிடும். மேலே படிக்க வெளியே தங்க வேண்டும். ஆஸ்டலில் இடம் கிடைக்கவில்லை. அந்தச் சமயம் அப்பா, தருமபுரி டவுனுக்கு வெளியே புதிதாகப் பிரித்த ஒரு நகரில், வீடு கட்டுகிற இடத்தில் காவல் இருந்தார். சிமெண்ட் மூட்டைக்கும் கம்பிக்கும் காவல். போர்வெல் போட்ட இடத்துக்குப் பக்கத்தில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட மோட்டார் ரூம் ஒன்று உண்டு. வீடு முடிகிறவரை அதில்தான் படுத்துக் கிடந்தார். ஒரு ஆணி காணாமல் போகவில்லை. வீட்டுக்காரர் அரசாங்க ஆபீசில் வேலை பார்த்தவர், கிழக்கே ஆற்றுப் பாசன ஊரிலிருந்து மாற்றலில் வந்தவர். எல்லோரும் அவரை சார் என்பார்கள். புதுமனை புகுந்த அன்று அவர், "உங்களுக்கு என்ன வேணும், கேளுங்க" என்றிருக்கிறார். அப்பா வேட்டி கேட்கவில்லை.

"பையன் அந்த மோட்டார் ரூம்ல தங்கிப் படிச்சிக்கட்டுங்க. மோட்டாரப் பாத்துக்குவான். நீங்க ஊருக்குப் போனா வூட்டப் பாத்துக்குவான்."

அப்படித்தான் நான் ஒன்பதாவதில் சேர்ந்தேன். அந்த ரூம் இருக்கிறவரை பள்ளிக்கூடம் உண்டு. ரூம் போனால் பள்ளிக்கூடமும் போச்சு. இதை யாரும் எனக்கு எடுத்துச் சொல்லவில்லை. தகரப் பெட்டியைத் தலையிலிருந்து இறக்கி வைத்த அன்றே எனக்குத் தெரிந்திருந்தது.

நகர் என்று பெயர்தான். சீமைக்கருவேலத்தை வெட்டி நிரவிய செம்மண் காடு. வரிசையாக நட்ட அளவுக்கல்கள், நடுநடுவே முடிந்த வீடு, பாதி வீடு, கடக்கால் மட்டும் போட்டு விட்ட வீடு. டவுன் பஸ் வளைவு வரைக்கும் வந்து திரும்பிப் போய்விடும். மழை பெய்தால் சைக்கிள் சக்கரத்தில் மண் அப்பி நகராது. தோளில் தூக்கிக்கொண்டு நடப்பேன். குடி வந்தவர்கள் எல்லோரும் வெளியூர்க்காரர்கள். பேங்க், ஸ்கூல், மின்சார வாரியம். யாருக்கும் யாரையும் தெரியாது. அதனால் எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே இருப்பார்கள்.

மோட்டார் ரூமில் பாதி கம்ப்ரசருக்கு, பாதி எங்களுக்கு. எங்களுக்கு என்றால் எனக்கும் பெரியப்பா மகன் அண்ணனுக்கும். அண்ணன் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்தார். விடிவதற்குள் போய், இருட்டிய பிறகு வருவார். திரி ஸ்டவ்வில் களி கிண்டுவோம். சட்டையில் எப்போதும் ஆயில் நாற்றம் அடிக்கும். பெல்ட் சூடேறினால் கருகின ரப்பர் வாடை. கம்ப்ரசர் தண்ணீர் ஒரே சீராக வராது, உங்களுக்கு ஞாபகம் இருக்கும். முதலில் வெறும் காற்று சீறும், பிறகு கிழவன் இருமுவதுபோல் இரண்டு மூன்று முறை துப்பும், அப்புறம்தான் வெதுவெதுப்பாகக் கொட்டும். அந்தத் தெருவிலேயே ஆழமான போர் அது. "நம்ம தண்ணி இளநீர் மாதிரி" என்று சார் வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். மற்ற வீட்டு போர்கள் கோடையில் வற்றிவிட்டதால் தெரு முழுக்கக் குடத்தோடு வரும். ஓஸ் பைப் என் கையில் இருக்கும். பேங்க் வீட்டு அம்மாவே, "தம்பி, எங்க கொடத்த மொதல்ல புடிச்சிடுப்பா" என்று கெஞ்சுவார். என்னிடம் ஒருவர் கெஞ்சியது அந்த வயதில் அங்கேதான். பெருமையாக இருந்தது. ஒருவரையும் விடாமல் தெரு முழுக்க ஊற்றினேன். இன்று அந்தப் பெருமையை நினைத்தால் உடம்பு கூசுகிறது.

வீட்டுக்காரம்மா கெட்டவர் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சாயங்காலம் முன் ஹாலில் தெருப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுப்பார். கதவோரமாக என்னையும் உட்காரச் சொன்னார். எனக்குக் கணக்கு வந்தது. அவர் கேள்வியை முடிக்கிறதற்குள் விடை சொல்லிவிடுவேன். "பாருங்கடா, கதவுகிட்ட இருக்கறவனுக்குத் தெரியுது, ஃபேனுக்கு அடியில இருக்கறவனுக்குத் தெரியல" என்பார். வெள்ளிக்கிழமை தோசை தருவார்.

அவருக்கு ஒரே பெண், ஒன்றாவது படிக்கிற பாப்பா. அது பிறந்த கையோடு மாற்றலாகித் தருமபுரிக்கு வந்தவர்கள். வீடு கட்டுமுன் அதே நகரில் வாடகைக்கு இருந்தார்கள். மனை வாங்கியதும் முதலில் போர்தான் போட்டார்கள், பாப்பா தவழ்கிற வயதிலிருந்து அந்தத் தண்ணீர்தான் குடித்தார்கள். பாப்பாவுக்குப் பால்பல் ஆடிக்கொண்டிருந்தது. ஒருநாள் விழுந்த பல்லை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு என்னிடம் ஓடி வந்தது. விழுந்த பல்லைச் சாணியில் பொதிந்து கூரைமேல் எறிய வேண்டும், அப்போதுதான் புதுப்பல் நன்றாக முளைக்கும் என்பது நம் எல்லோர் வீட்டிலும் உள்ள வழக்கம். அவர்கள் வீடு மாடி. எட்டுகிற கூரை மோட்டார் ரூமுக்குத்தான் இருந்தது. வீட்டுக்காரம்மா சமையலறை ஜன்னலிலிருந்து, "தம்பி, நீயே எறிஞ்சிடு, அவளுக்கு எட்டாது" என்றார். எறிந்தேன். ஆஸ்பெஸ்டாஸில் சொத்தென்று ஒரு சத்தம். பாப்பா கை தட்டியது.

டியூஷனில் நான் விடை சொல்வது பேங்க் வீட்டுப் பையனுக்குப் பிடிக்கவில்லை. ஒருநாள் நான் வாய் திறந்ததும், "டேய், இவன் வாயில துருப் புடிச்சிருக்குடா" என்றான்.

"மோட்டார் ரூம்ல கெடந்தா துருப் புடிக்காம?" என்றான் இன்னொருவன்.

எல்லோரும் சிரித்தார்கள். வீட்டுக்காரம்மா அதட்டினார். அதட்டிவிட்டு என் வாயைப் பார்த்தார். அதுவரை அவர் சரியாகப் பார்த்ததில்லை என்று நினைக்கிறேன். எங்கள் ஊரில் எல்லோருக்கும் அதே பல். அப்பாவுக்கு, அம்மாவுக்கு, மாமன் வீட்டில் பெண் கேட்டு வந்தவர்களுக்கு. பல் என்றால் அந்த நிறம்தான் என்று வளர்ந்தவன் நான். அந்த ஹாலில்தான் அது அழுக்கு என்று தெரிந்தது.

ராத்திரி அண்ணனிடம் சொன்னேன். அவர் ஸ்டவ்வைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

"நம்முது தங்கப் பல்லுடா. அவனுங்குளுது சுண்ணாம்பு. எது ஒசத்தி?"

"வெளையாடாதண்ணா."

"நான் பாரு, மீசை வுட்டுட்டேன். நீயும் வுடு."

"எனக்கு எங்கண்ணா மீசை?"

"அப்பச் செங்கல்லப் பொடிச்சுத் தேய். எங்க செட்டுல ஒருத்தன் தேச்சான், பளபளன்னு ஆயிடுச்சு."

அந்த ஒருத்தனை நான் பார்த்ததில்லை. அவரும் பார்த்திருக்க மாட்டார். ஆனாலும் அடுத்த மனையில் கிடந்த உடைசல் செங்கல் ஒன்றை எடுத்து வந்து, கல்லில் வைத்து இடித்து, துணியில் சலித்து, பல்பொடி டப்பாவில் போட்டு வைத்துக்கொண்டேன். ரோஸ் நிற மூடி போட்ட தகர டப்பா அது. பிறகு எங்கே போயிற்றோ. காலையில் யாரும் எழுவதற்குள் காம்பவுண்டு சுவர் ஓரமாகக் குந்தி ஆள்காட்டி விரலால் தேய்ப்பேன். ஈறு கிழிந்து ரத்தமும் சேர்ந்து வரும். வாய் கொப்பளித்து எதிரே துப்புவேன். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. இருட்டில் தெரியவில்லை. சுவர் அடியோரம் நெடுகச் சிவப்பாகிக்கொண்டே வந்தது.

வீட்டுக்காரம்மா செம்பருத்திப் பூப் பறிக்க அந்தப் பக்கம் போனவர் அதைப் பார்த்தார். அன்று ஞாயிற்றுக்கிழமை, அண்ணனும் இருந்தார். எங்கள் இருவரையும் கூப்பிட்டார்.

"என்ன இது?"

நான் கையால் வாயை மூடிக்கொண்டேன்.

"கைய எடு. வெத்தலையா, பொயிலையா?"

"செங்கல்லுங்கம்மா."

"என்னது?"

"செங்கல் பொடிங்க. பல்லு வெளக்கினேனுங்க."

"செங்கல்ல யாராவது பல்லு வெளக்குவாங்களாடா? பொய் வேற சொல்றியா? உன் பல்லு சொல்லுதே." அண்ணன் பக்கம் திரும்பினார். "நீ பெரியவன்தானே, நீ சொல்லுப்பா. இவன் என்ன போடறான்?"

அண்ணன் அவரையும் சுவரையும் பார்த்தார். வாயே திறக்கவில்லை. திறந்தால் அவர் பல்லும் தெரிந்துவிடும்.

எங்கள் ஊர்ப் பஸ் டிரைவரிடம் சொல்லியனுப்பி அப்பாவை வரவழைத்தார்கள். அப்பா செருப்பைக் கேட்டுக்கு வெளியே கழற்றிவிட்டு வந்தார். தான் காவல் காத்த வீடு அது. அதன் படிக்கட்டுக்குக் கீழே, சுடுகிற மணலில் நின்றார். வீட்டுக்காரம்மா அவரை அழைத்துப்போய்ச் சுவரைக் காட்டினார். நான் மோட்டார் ரூம் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

"பொம்பளப் புள்ளை இருக்கற வீடு. இவன் இந்த வயசுலயே பொயிலை போட்டா நாளைக்கு என்ன ஆவான்? கேட்டா செங்கல்லுங்கறான்."

அப்பா சுவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"தப்புதானுங்கம்மா. இனிமே செய்ய மாட்டானுங்க. நான் பொறுப்புங்க."

"நீங்களும் போடுவீங்க இல்ல? அப்பனப் பாத்துத்தானே புள்ளை கத்துக்கும்."

அப்பா ஒரு பீடி குடித்தவர் இல்லை. வெற்றிலை தொட்டவர் இல்லை.

"ஆமாங்க. வுட்டுர்றனுங்க."

"சரி. உங்க மொகத்துக்காக இருக்கட்டும்."

அதன் பிறகு அப்பா சுண்ணாம்பு வாங்கி வந்து கரைத்து, தேங்காய் மட்டையால் சுவரைத் தேய்த்துக் கழுவி, நெடுக ஒரு பூச்சுப் பூசினார். உதவிக்குப் போனேன். "நீ போய்ப் படி" என்றார். வேறு ஒரு வார்த்தை பேசவில்லை. பஸ் ஏறும்போதும் பேசவில்லை.

அன்றைக்கு நான் போட்ட கணக்கு இதுதான். போடாத புகையிலையைப் போட்டேன் என்று அப்பா தன்மேல் ஒப்புக்கொண்டார். அப்படியானால் என்மேல் ஒப்புக்கொண்டதும் அதே வகைதான். ரூமுக்காக, என் படிப்புக்காக, தெரிந்தே சொன்ன பொய். அதனால் நான் அவரிடம் எதையும் விளக்கவில்லை. தெரிந்தவரிடம் எதை விளக்குவது? அவர் எனக்காக அந்த மணலில் நின்றார் என்பதை வைத்துக்கொண்டே மிச்ச மாதங்களை ஓட்டினேன்.

ஓட்டினேன் என்றால் வாயை மூடிக்கொண்டு ஓட்டினேன். டியூஷனில் விடை தெரிந்தாலும் சொல்வதில்லை. பள்ளிக்கூடத்தில் உள்ளேன் ஐயா என்பதைக்கூட உதட்டை மூடி முனகுவேன். வாத்தியார் நிமிர்ந்து பார்த்து, "மாட்டுக்கு உள்ளேன் ஐயா சொல்லிக் குடுத்தது யாரு?" என்பார். தமிழ்ப் பாடத்தில் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் தொண்டை வலி என்பேன். மதிப்பெண் இறங்கியது. வீட்டுக்காரம்மா அதற்கும் புகையிலைதான் காரணம் என்று நினைத்திருப்பார். வெள்ளிக்கிழமை தோசை நிற்கவில்லை. ஆனால் தட்டைப் படியிலேயே வைத்துவிட்டு உள்ளே போய்விடுவார்.

பாப்பாவுக்குப் புதுப்பல் முளைத்தது.

முதலில் சுண்ணாம்புத் திட்டுபோல் வெளேரென்று இருந்தது. பாப்பா என்னிடம் வந்து, "எனக்குப் பல்லு வந்துடுச்சே" என்று ஈயென்று காட்டியது. எங்கள் ஊரில் தம்பி தங்கைகளுக்கு முளைப்பது அப்படித்தான். கொஞ்ச நாளில் குறுக்கே மஞ்சள் ஓடும், பிறகு பழுப்பு. நான் ஒன்றும் சொல்லவில்லை. என்ன சொல்வேன், யாரிடம் சொல்வேன். பழுப்பு ஏறத் தொடங்கியதும் வீட்டுக்காரம்மா பேஸ்ட் மாற்றினார், உப்பு வைத்துத் தேய்த்தார். பாப்பா அழுகிற சத்தம் மோட்டார் ஓடும்போதும் கேட்கும்.

ஒரு காலையில் பாப்பாவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மோட்டார் ரூமுக்கே வந்தார். பின்னாலேயே சார், ஷேவ் செய்த பாதி முகத்தில் சோப்போடு.

"வாயத் திற" என்றார் வீட்டுக்காரம்மா என்னிடம். பாப்பாவிடமும் அதையே சொன்னார். இரண்டு வாயையும் மாறி மாறிப் பார்த்தார். பாப்பாவுக்கு அது விளையாட்டாக இருந்தது. நாக்கை நீட்டியது.

"ஒரே மாதிரி இருக்கே" என்றார் சார். "தண்ணி கிண்ணியா இருக்குமோ?"

"நம்ம போர் தண்ணியவா சொல்றீங்க? தெருவே குடிக்குது. வேற எந்தப் புள்ளைக்கு இப்பிடி இருக்கு?"

மற்றப் பிள்ளைகள் பல் முளைத்த பிறகு வேறு வேறு ஊர்களிலிருந்து வந்தவர்கள். அந்தத் தண்ணீரைக் குடித்தே பல் முளைத்த பிள்ளை தெருவில் பாப்பா ஒன்றுதான். இது இப்போது எனக்கு விளங்குகிறது. அன்று அந்த இடத்தில் நின்ற நாலு பேரில் யாருக்கும் விளங்கவில்லை.

வீட்டுக்காரம்மா கூரையை நிமிர்ந்து பார்த்தார்.

"அன்னைக்கு நீதானே எறிஞ்சே? உன் கையாலதானே?"

"நீங்கதானுங்கம்மா..."

"நாந்தான் சொன்னேன். நாந்தான் சொன்னேன்." அவர் குரல் உடைந்தது. படித்த பெண், பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் சொல்லிக் கொடுத்தவர். எறிந்தவன் பல் பாப்பாவுக்கு வந்துவிட்டது என்று சொல்ல அவருக்கே வெட்கமாக இருந்ததை நான் பார்த்தேன். ஆனால் பல் பழுப்பேறிய பெண் குழந்தையைக் கையில் பிடித்திருக்கிறபோது அவருக்கு வேறு என்ன தோன்றும்? "நீ ஊருக்குப் போயிடுப்பா. கோவமா சொல்லல. போயிடு."

சார் சோப்பைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். அன்று மாலை அண்ணன் டவுனில் கூட்டாளி ரூமுக்குப் போய்விட்டார். "நான் பேசிப் பாக்கட்டுமா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அவரும் வற்புறுத்தவில்லை. எனக்கு முழுப் பரீட்சை இன்னும் வரவில்லை.

மறுநாள் பெட்டியோடு ஊரில் இறங்கினேன். அப்பா களத்தில் கேழ்வரகுக் கதிரைப் பரப்பிக்கொண்டிருந்தார். பெட்டியைப் பார்த்ததும் நிமிர்ந்தார்.

"என்னடா, பொட்டியோட?"

"போவச் சொல்லிட்டாங்கப்பா."

அவர் ஏன் என்று கேட்கவில்லை. காலால் கதிரை இரண்டு முறை தள்ளினார். அம்மா வீட்டுக்குள்ளிருந்து யாரு யாரு என்று கேட்டுக்கொண்டிருந்தார். அப்பா பக்கத்தில் வந்து, அம்மா காதில் விழாதபடி மெதுவாகக் கேட்டார்.

"மறுபடியும் போட்டியா?"

அவர் முகத்தைப் பார்த்தேன். கேலியோ கோபமோ இல்லை. நிஜமாகவே கேட்டார். சுவரைப் பார்த்த அன்றிலிருந்து நம்பிக்கொண்டிருந்திருக்கிறார். தன்மேல் ஒப்புக்கொண்டதுதான் பொய், என்மேல் ஒப்புக்கொண்டது பொய் இல்லை. அவ்வளவு பக்கத்தில் நின்று கேட்டபோது அவர் பல் எனக்குத் தெரிந்தது. என் பல் அவருக்குத் தெரிந்திருக்கும்.

இல்லை என்று வாய் வரை வந்தது. சொன்னால், அந்தப் படிக்கட்டுக்குக் கீழே அவர் எதற்காக நின்றார், எதற்காக அந்தச் சுவரைத் தேய்த்தார் என்பதையெல்லாம் அவர் முதலிலிருந்து யோசிக்க வேண்டியிருக்கும்.

"ஆமாப்பா" என்றேன்.

அப்பா பெட்டியை என் கையிலிருந்து வாங்கினார்.

"செரி. ஒத்துக்கிட்ட இல்ல, அது போதும்" என்று சொல்லிவிட்டு வீட்டுப் பக்கம் நடந்தார்.